தோர்கன் மன்றத்துக் காளை

தோர்கன் செத்ததற்காக ஆலங்குடியில் மொட்டை போட்டுக்கொண்டவன் நாகராசு ஒருத்தன்தான். மற்றவர்கள் மொட்டை போட்டுக்கொள்வதென்று தீர்மானம் போட்டார்கள்.

தோர்கனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கருவெளிப் படை' என்பது ஜப்பான்காரன் வரைந்த படத்தொடர். தமிழில் பேசவைத்து வாராவாரம் போனில் வருகிறது. ஆறு கோள்கள், ஆறுக்கும் நடுவில் ஓயாத சண்டை, உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் கப்பலில் பறந்து பறந்து அடித்துக்கொள்கிறார்கள். அதிலே சீலான் என்று ஓர் இளவரசன். வெள்ளி நிறத் தலைமுடி; காற்றே இல்லாத இடத்திலும் அது பறக்கும். அவனுடைய நண்பன்தான் தோர்கன். ஒரே பதுங்குகுழியில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்று வளர்ந்தவர்கள். எந்தச் சண்டையானாலும் தோர்கன்தான் முன்னால் நிற்பான். அடி இவனுக்கு, மாலை அவனுக்கு. அதற்காக அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இந்தத் தொடரை நாகராசுவுக்குக் காட்டியவன் பாலாஜி. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பாலாஜி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் வைத்திருந்தான். நாகராசு தேங்காய் மண்டியில் மட்டை உரித்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் சென்டரின் பின்பக்கம் உட்கார்ந்து ஒரே போனில் பார்ப்பார்கள். "நீ தோர்கன் மாதிரிடா மாப்ள" என்று பாலாஜி ஒரு நாள் சொன்னான். நாகராசு அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்படியானால் நீ யார் மாதிரி என்று திருப்பிக் கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் மன்றம் பிறந்தது. 'அகிலவெளி மாவீரன் தோர்கன் நற்பணி மன்றம், புதுக்கோட்டை மாவட்டம்.' பாலாஜி மாவட்டத் தலைவர். கேபிள் டிவி வசூல் பார்த்துக்கொண்டிருந்த பிராங்க்ளின் கொள்கை பரப்புச் செயலாளர்; மகளிரணிக்கு மகளிர் கிடைக்கும்வரை அதற்கும் அவரே செயலாளர். இப்படியே துணைத் தலைவர், இணைச் செயலாளர், கோள்கள் தொடர்புப் பொறுப்பாளர் என்று ஆளுக்கொரு பதவி போனது. பதவி இல்லாமல் மிஞ்சியவன் நாகராசு மட்டும்தான். எனவே மன்றத்துக்கு உறுப்பினர் என்று ஓர் ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் அவனைக் கூப்பிட்டார்கள். பிளெக்ஸ் கட்டினான், நாற்காலி சுமந்தான், தலைவர் வாழ்க என்று கத்தினான். பிளெக்ஸில் அவன் படம் கீழ்வரிசையில் கடைசியாக இருந்தது. கம்பத்தில் கயிறு கட்டுகிற இடம் அது. முடிச்சு அவன் மூக்கின் மேலேயே விழும். கட்டினவனும் அவனே என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

நாகராசுவிடம் ஒரு காளை இருந்தது. செவலை. கன்றுக்குட்டியில் தாயை இழந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தான். பேர் தோர்கன். வாடிவாசலில் நின்று விளையாடுகிற மாடு. திமிலில் கை வைத்தவன் எவனும் நாலு எட்டு தாண்டியதில்லை. நாகராசுவைத் தவிர வேறு ஆள் கிட்டே போனால் மண்ணைக் கிளறும். ஆத்தா ராசாத்தி வைக்கோல் போடுவதென்றால்கூடத் தூர நின்று வீசுவாள். அந்தக் காளையை அவன் பாலாஜி பேரில்தான் அவிழ்த்தான். ஜல்லிக்கட்டு டோக்கன் ஆன்லைனில் போட வேண்டும், போட்டவன் பாலாஜி, உரிமையாளர் என்ற இடத்தில் தன் ஆதாரையே போட்டுக்கொண்டான். "மன்றத்துக்கு ஒரு கெத்து மாப்ள" என்றான். மைக்கில் "தோர்கன் மன்ற மாவட்டத் தலைவர் பாலாஜி காளை! தொட்டுப் பாரு!" என்று முழங்கும்போது நாகராசுவுக்குப் புல்லரிக்கும். தன் மாட்டைத் தன் நண்பன் பேரில் ஊரே பார்க்கிறதே என்று. இப்படியும் ஒரு மனுசன்.

இந்த நிலையில்தான் அந்த வாரம் வந்தது. எதிரிப் படை கப்பலைச் சூழ்ந்துகொண்டது. சமாதானம் பேசப்போன சீலான், தன் உயிருக்கும் பட்டத்துக்கும் விலையாகத் தோர்கனைப் பிடித்துக் கொடுத்துவிட்டான். விலங்கை மாட்டத் தெரியாமல் எதிரிகள் தடுமாறியபோது தோர்கன் தானே மாட்டிக்கொண்டு, நண்பனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கதவைத் திறந்து வெற்றுவெளிக்குள் நடந்துபோனான். அவ்வளவுதான். நாகராசு போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மன்றம் அவசரமாகக் கூடியது. வரவேற்புரை, முன்னிலையுரை, தலைமையுரை எல்லாம் முடிந்து இரங்கலுக்கு வருவதற்குள் டீ ஆறிப்போனது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கப்பட்டது. அதில் தோர்கன் படம் தீப்பெட்டி அளவு. ஆழ்ந்த வருத்தத்தில் இருக்கிற நிர்வாகிகள் படங்கள் கதவு அளவு. பதினாறாம் நாள் காரியம் குளக்கரையில் நடந்தது. மந்திரம் சொல்ல வந்தவர் செத்தவருக்கு எந்த ஊர் என்று கேட்டார். ஆறாவது கோள் என்றார்கள். அது எந்தத் திசையில் இருக்கிறது, பிண்டத்தை எங்கிட்டுப் பார்த்து வைக்க என்று கேட்டார். இதற்காக ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டு, துணைக்குழு கரையில் உட்கார்ந்து பேசி, பாலாஜி ஆன்லைன் சென்டர் இருக்கிற திசையென்று முடிவு சொன்னது. மொட்டைத் தலையோடு நாகராசு குளத்தில் முங்கி எழுந்தான். நிர்வாகிகள் வரிசையாக நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

மன்றத்தின் கௌரவத் தலைவராக அதற்குள் 'பிளாட்' அடைக்கலம் வந்து சேர்ந்திருந்தார். கடலைக்காடுகளை வாங்கி, கல் நட்டு, மனைகளாக விற்பவர். மன்றத்தின் பிளெக்ஸில் தம் மனைகளுக்கும் ஓர் ஓரம் கேட்டவர். நாளடைவில் மன்றத்துக்குத்தான் ஓரம் கிடைத்தது. அவர் அஞ்சலி பிளெக்ஸைப் பார்த்துவிட்டு முகம் கோணினார்.

"ஏப்பா பாலாஜி, செத்தவன் படத்தப் போட்டு எப்புடிப்பா மனை விக்கிறது? பாக்குறவன் சுடுகாட்டுப் பக்கமுன்னுல்ல நெனைப்பான்! அந்த வெள்ள முடிக்காரன் உசுரோட இருக்கான்ல? ராசா வேற ஆயிட்டானாமுல்ல? அவனப் போடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. பாலாஜி மைக்கைப் பிடித்தான்.

"தோர்கன் என் உயிர். என் மூச்சு. அவர் கொள்கைய நெஞ்சுல ஏந்திக்கிட்டுத்தான் நான் இன்னைக்கு சீலான் அணிக்குப் போறேன். தோர்கன் எதுக்காக உயிரக் குடுத்தாரு? சீலானுக்காக. அப்ப சீலான் பக்கம் நிக்கிறவன்தான் தோர்கனோட உண்மையான தொண்டன்! சில பேரு துரோகமுன்னு சொல்றாங்க. நம்ம கூட இருக்கவன எதிரிக்கிட்ட குடுக்கிறது துரோகமில்ல நண்பர்களே. அது வியூகம். தலைவனுக்குத்தான் வியூகம் தெரியும். எனக்குத் தெரியும்!"

கைதட்டல் அடங்கியதும் பின்னாலிருந்து நாகராசு எழுந்தான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சீலான்தானடா தோர்கனப் புடிச்சுக் குடுத்தான்?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

 கேள்வி கேட்டவன்மீது விசாரணைக் குழு அறிவிக்கப்பட்டது. குழுவின் தலைவர் பிராங்க்ளின். இருபது நாள் கழித்துக் குழு அவனைக் கூப்பிட்டது. குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருத்தரும் அந்தத் தொடரை முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் தாம் வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று பிராங்க்ளின் விளக்கம் சொன்னார்.

"ஒங்க போனத் தொறந்தா யாரு படம் தெரியுது?"

"தோர்கனுங்க."

"தலைவரு சீலானுக்கு மாறி இருவது நாளாச்சு. நீங்க இன்னும் மாறல. இதுக்கு என்ன அர்த்தம்?"

"மாட்டுக்கும் அதே பேருதாங்க. அதையும் மாத்தணுமா?"

"மாடு விஷயம் அப்பறம் வரும்" என்றார் பிராங்க்ளின். வந்தது.

அறிக்கை மறுநாளே வாட்சப்பில் வெளியானது. மன்றத்தின் கண்ணியத்துக்குக் களங்கம் விளைவித்த நாகராசு அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். மன்றத்தினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். அத்தோடு அந்த மன்றத்தில் உறுப்பினர் என்று யாருமே இல்லாமல் போய்விட்டது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் மினி வேன் வந்து நின்றது. பாலாஜி இறங்கினான். டோக்கனில் உரிமையாளர் பாலாஜி, போன வருசத்துப் படங்களில் மாலையோடு நிற்பவன் பாலாஜி, மைக்கில் சொன்னதும் பாலாஜி. ஆகவே காளை மன்றச் சொத்து. இனிமேல் அதன் பேர் சீலான். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டபோது, "பதிஞ்சது அவன் பேருலயில்லப்பா? நீ ஏம்ப்பா குடுத்த?" என்று நாகராசுவையே திருப்பிக் கேட்டார்கள்.

வந்தவர்கள் எட்டுப் பேர், ஒருத்தராலும் காளைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. "மாப்ள, நீயே கொஞ்சம் ஏத்திக் குடுத்துரு" என்றான் பாலாஜி, கடனுக்கு ஒரு கட்டு பீடி கேட்கிற மாதிரி. நாகராசு கயிற்றைப் பிடித்தான். காளை அவன் கையை நக்கிக்கொண்டே, எங்கேயோ கூட்டிப்போகிறான் என்று நம்பி, வேனில் ஏறியது. கதவைச் சாத்தும்போதுதான் அது கத்தியது.

ராசாத்திதான் வயிறெரிந்து தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "நாசமாப் போவான், கட்டைல போவான்! ஒரு தட்டுல தின்னவனாடா அவன்? நீயும் ஒரு ஆம்பளையா, சிரிச்சுக்கிட்டா ஏத்திவிட்டுட்டு வந்து நிக்கிற?"

நாகராசு சிரிக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் காலியான கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தோர்கன் செய்ததிலேயே பெரிய தப்பு அந்தச் சிரிப்புதான் என்று விடியும்போது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. விலங்கை மாட்டிக்கொண்டது போகட்டும். சிரித்திருக்கக் கூடாது. அவன் சிரித்ததால்தான் சீலானுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். பாலாஜிக்குத் தூக்கம் வரக் கூடாது. அவனை நாலு பேர் பார்க்க நாறடிக்க வேண்டும். மாடு வீடு வந்து சேர வேண்டும். இந்த மூன்றைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பத்து நாளில் பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டு. பிளாட் அடைக்கலம் தடபுடல் பண்ணிவிட்டார். வாடிவாசல் தாண்டி மாடு வந்து சேர்கிற பொட்டலின் முடிவில் மன்றத்துக்குத் தனி மேடை, அதன்மேல் இரும்புச் சாரம் கட்டிப் பனைமர உயரத்துக்கு பிளெக்ஸ். வெள்ளி முடி பறக்க சீலான்; அவன் தோளில் கை போட்டபடி பாலாஜி; இருவரையும் ஆசீர்வதித்தபடி அடைக்கலம். வெற்றிபெற்ற காளைக்கு மேடையிலேயே மாலை மரியாதை என்று ஏற்பாடு. காளைக்கு இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாகராசு போனான். பொட்டலின் ஓரத்தில், கருவேல மரத்தடியில், கூட்டத்தோடு கூட்டமாகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அடுத்து வருது பாரு, இளவரசர் சீலான் மன்றத் தலைவர் பாலாஜி காளை! தொட்டுப் பாரு, அண்டா வாங்கிக்க! தொடு, தொடு... அட, போச்சு! ஒருத்தனும் கிட்ட நெருங்கலயே! மாடு பாஸு! மாட்டுக்காரருக்கு ஒரு சைக்கிள்!"

கூலிக்குப் பிடித்த ரெண்டு பேர் வாடியிலேயே மூக்கணாங்கயிற்றை உருவிவிட்டுச் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். காளை நேரே பொட்டலுக்கு வந்தது. வழக்கமாக அங்கே நாகராசு கயிற்றோடு நிற்பான். இன்று மாலையோடு எட்டுப் பேர் நின்றார்கள். காளை அவர்களைப் பார்த்தது. இவர்களைத்தான் வேன் பக்கத்தில் பார்த்த ஞாபகம் அதற்கு இருந்ததோ என்னவோ, தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது.

அதற்கப்புறம் யார் எப்படி ஏறினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. மாவட்ட நிர்வாகிகள் அனைவரும் சாரத்தின்மேல் இருந்தார்கள். பிராங்க்ளின் சீலானின் மூக்கைப் பிடித்துத் தொங்கினார். பாலாஜி தன் படத்தையே கிழித்துக்கொண்டு அதன் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினான். அடைக்கலம் மினி வேனின் கூரையில் குப்புறப் படுத்திருந்தார். காளை கீழே நின்று ரோஜா மாலையை நிதானமாகத் தின்றது. ஊர்ச் சனம் முழுவதும் போனைத் தூக்கிப் பிடித்தது.

"நாகராசு அங்கிட்டு ஒக்காந்திருக்கான், கூப்புடுங்க!" என்றார் ஒருவர்.

"அவரோட தொடர்பு வச்சுக்கக் கூடாதுன்னு அறிக்கை இருக்கு தலைவரே" என்றார் பிராங்க்ளின், தொங்கிக்கொண்டே. "தனிப்பட்ட முறையில கூப்புட முடியாது. பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோளா வைக்கலாம்."

பாலாஜி ஓட்டை வழியாக வேண்டுகோள் வைத்தான். "பெரியோர்களே, தாய்மார்களே... இங்க மாடு புடிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா..."

நாகராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தான். காளை அவனைப் பார்த்ததும் வாயிலிருந்த மாலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் நெஞ்சில் முகத்தைத் தேய்த்தது.  காதைத் தடவினான், கழுத்தைத் தடவினான். கயிற்றை மட்டும் கட்டவில்லை. கயிறு இடுப்பிலேயே இருந்தது.

"மாப்ள! கட்டி ஓட்டிட்டுப் போடா! சாரம் ஆடுதுடா!"

"யாரு மாட்ட யாரு ஓட்டிட்டுப் போறது?" என்றான் நாகராசு. "நான் நீக்கப்பட்டவனுல்ல? மன்றச் சொத்தத் தொடலாமா?"

"ஒன் மாடுதான்டா! வச்சுக்கடா!"

"வாயால சொன்னா எப்புடிங்க தலைவரே? முறைப்படி பொதுக்குழு கூட்டி தீர்மானம் போடுங்க. எல்லாரும்தான் இருக்கீங்களே. நான் இங்கிட்டு நிக்கிறேன்."

அவன் காளையோடு நிழலில் போய் நின்றுகொண்டான். சாரம் ஒருமுறை முனகியது. வேறு வழியில்லை, பொதுக்குழு கூடியது. பிராங்க்ளின் தொங்கியபடி வரவேற்புரை ஆற்றினார். பழக்க தோசத்தில் எல்லோர் பதவியையும் சொல்லத் தொடங்கி, முன்னிலை வகிப்பவர்கள் வரும்போது அவர் கை வழுக்கியது. "முன்னிலைய விட்டுட்டீங்க, தப்பு" என்று நாகராசு கீழிருந்து சொன்னான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. இரும்பு சுட்டது. அவர்கள் ஒரு கை மாற்றி ஒரு கையால் பிடிப்பதை நாகராசு ஆசை தீரப் பார்த்தான். வயிறு குளிர்ந்தது என்றால் அப்படி ஒரு குளிர்ச்சி.

தீர்மானம் ஒன்று: சீலான் துரோகி. முன்மொழிந்தவர் பாலாஜி. "சத்தமா" என்றான் நாகராசு. "துரோகி! துரோகி!" என்று பாலாஜி தன் பிளெக்ஸின் ஓட்டையிலிருந்து கத்தினான். ஊர் கேட்டது, போன்கள் கேட்டன. தீர்மானம் இரண்டு: காளை நாகராசுவுக்கே சொந்தம், மன்றத் தலைவர் பிறர் மாட்டுக்குத் தன் ஆதாரைப் போட்டது பிராடு வேலை. அதையும் பாலாஜிதான் முன்மொழிந்தான். முடிக்கும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நாகராசுவுக்கு வரவில்லை.

அவன் கயிற்றை எடுத்துக் காளையின் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டான். அத்தோடு போயிருப்பான். மாடு கிடைத்துவிட்டது, ஊர் பார்த்துவிட்டது.

ஆனால் வேன் கூரையில் படுத்திருந்த அடைக்கலம் இவ்வளவு நேரமும் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை போன்களும் யார் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்தவர். கீழே இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக் இல்லாமலேயே பேசத் தொடங்கினார்.

"இவன்தான்யா வீரன்! இந்த மண்ணோட மைந்தன்! நான் அன்னைக்கே சொன்னேன். கௌரவத் தலைவர்ங்கிற முறையில அறிவிக்கிறேன், பாலாஜி நீக்கப்படுறாரு, தம்பி நாகராசு மாவட்டத் தலைவரு! நம்ம நகருக்கே 'தோர்கன் நகர்'னு பேரு வைப்போம். செத்தா என்ன? செத்தவனுக்குத்தான்யா மவுசு!"

"வழிமொழிகிறேன்!" என்று பிராங்க்ளின் காளை கட்டப்பட்டதைப் பார்த்து இறங்கி வந்தார். நிர்வாகிகள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். எங்கிருந்தோ ஒரு பொன்னாடை வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பாலாஜிக்குப் போட வைத்திருந்தது. "தலைவரே, தலைவரே" என்று சூழ்ந்துகொண்டார்கள். கடைசியாகப் பாலாஜியும் இறங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நாகராசுவின் தோளில் கை போட்டான்.

"ஒன்ன தலைவராக்கிப் பாக்கணுமுன்னுதான் மாப்ள இத்தனையும். இனிமே நான் ஒனக்கு தோர்கன். சரியா?"

நாகராசு தோளில் கிடந்த கையைப் பார்த்தான். பிறகு அத்தனை முகங்களையும் பார்த்தான். ஒவ்வொன்றும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அவனும் சிரித்தான்.

"அப்ப ஒரு போட்டோ எடுத்துருவோம்" என்றான். "காளையோட. எல்லாரும் வாங்க. அண்ணே, நீங்க நடுவுல வாங்க. பிராங்க்ளின் அண்ணே, மொகம் தெரியல, இன்னும் கொஞ்சம் முன்னாடி. பாலாஜி, நீ கொம்புக்குப் பக்கத்துல நில்லுடா, அப்பத்தான் பெருசா விழுகும்."

நான் முன்னால், நீ பின்னால் என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்தது. யாரும் ஓரத்தில் நிற்க ஒப்பவில்லை. ஒருவர் தோளோடு ஒருவர் இடித்துக்கொண்டு, நகர வழியில்லாமல் நெருக்கி நின்று, எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள்.

நாகராசு கயிற்றை விட்டான்.